வாசலில் ஒரு பணிமனை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பது நம் கிராமத்துப் பழமொழி. மாட்டுக்குச் சொன்ன இம்மொழி மோட்டார் சைக்கிளுக்கும், அதிலும் குறிப்பாகப் பழைய புல்லட் வண்டிக்கும், அப்படியே பொருந்தும். அதன் குணமறிந்து நடப்பவனுக்கு அது தலைமுறை தலைமுறையாக உழைக்கும். குணமறியாதவனை நடுவழியில் நிறுத்தி வேடிக்கை பார்க்கும். அந்தக் குணத்தை அறிவதற்குப் பெரிய பணிமனை தேவையில்லை. வீட்டு வாசலும், சில கருவிகளும், நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலும் போதும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்டியின் வரலாறு

இங்கிலாந்தில் ரெடிச் என்னும் ஊரைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932-ஆம் ஆண்டு ‘புல்லட்’ என்ற பெயரைத் தன் வண்டிக்குச் சூட்டியது. நம் இராணுவம் எல்லைக் காவலுக்கு இவ்வண்டியைத் தேர்ந்தெடுத்ததையொட்டி, 1955-இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’ உருவாயிற்று. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. பிறந்த நாட்டில் தாய் நிறுவனம் மூடப்பட்ட பின்னரும், புகுந்த நாட்டில் வண்டி ஓடிக்கொண்டேயிருந்தது. இரும்பு வார்ப்புச் சிலிண்டர் கொண்ட பழைய எஞ்சின், புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் காரணமாக 2010-ஆம் ஆண்டையொட்டி விடைபெற்றது. ஆயினும் அவ்வகை வண்டிகள் நம் ஊர்களில் இன்றும் உழைத்து வருகின்றன. நான் இங்கே விளக்குவது அந்தப் பழைய 350 வண்டியைப் பற்றியே.

மேலை நாடுகளில் ‘குரூஸர்’ என்று ஒரு வகை மோட்டார் சைக்கிள் உண்டு. தாழ்ந்த இருக்கை, நீண்ட உடல், குறைந்த வேகத்திலேயே மிகுந்த இழுவிசை, நெடுந்தூரம் களைப்பின்றி ஓடும் தன்மை ஆகியவை அதன் இலக்கணம். உருவத்தில் புல்லட் அந்த இனத்தில் சேராது. குணத்தில் நெருங்கிய உறவு என்று கூறலாம். ஆகவே இங்கே கூறும் முறைகளிற் பல அவ்வகை வண்டிகளுக்கும் பொருந்தும். அளவுகளை மட்டும் அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

எஞ்சினின் இதயத் துடிப்பு

சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ. பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மி.மீ. உருளையின் கன அளவு காணும் சூத்திரத்தில் இவ்விரண்டையும் இட்டுப் பாருங்கள். 346 கன செ.மீ. என்று விடை வரும். நாம் 350 என்று அழைப்பது இதைத்தான். விட்டத்தைவிட ஓட்டம் நீளமாக இருப்பதாலும், உள்ளே கனமான சக்கரங்கள் சுழல்வதாலும் இந்த எஞ்சின் நிதானமாகத் துடிக்கிறது, சுமையையும் இழுக்கிறது.

உள்ளிழுத்தல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கு வீச்சுகளுக்குள் அச்சு இரண்டு முறை சுற்றிவிடும். அதாவது, இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் பிளக்கில் பொறி பறக்கும். நிமிடத்திற்கு 2000 சுற்று என்று கொண்டால், பொறி 1000 முறை பறக்கிறது. பிஸ்டன் வினாடிக்குச் சராசரி 6 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இவ்வளவு வேகத்தில் உராயும் இரும்புக்கு நடுவே நிற்பது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலமே. பராமரிப்பு என்பதன் பாதிப் பொருள் அந்தப் படலத்தைக் காப்பதுதான்.

கருவிகளும் காவலும்

ரிங் ஸ்பேனர் செட் ஒன்று, பிளக் ஸ்பேனர், பெரிதும் சிறிதுமாக இரண்டு திருப்புளிகள், ஃபீலர் கேஜ், பழைய எண்ணெய் பிடிக்க ஒரு தட்டு, துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட், கழுவுவதற்கு மண்ணெண்ணெய் அல்லது டீசல் — இவை போதும். பழைய வண்டிகளில் அங்குலக் கணக்கிலான நட்டுகளும் உண்டு. அவற்றில் மில்லி மீட்டர் ஸ்பேனரைத் திணித்தால் நட்டின் தலை மழுங்கிவிடும். பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு.

காவல் விதிகள் மூன்று. முதலாவது, மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட்டக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ஆளைத் தூங்குவது போலவே கொன்றுவிடும். இரண்டாவது, பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு படர்ந்து அடுப்பங்கரை வரை செல்ல வல்லது. ஆகவே அடுப்பும், பீடி சிகரெட்டும் அருகில் இருத்தலாகாது. மூன்றாவது, வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகே கை வைக்க வேண்டும்.

எண்ணெய்க்கு மூன்று வீடுகள்

புல்லட்டில் எண்ணெய் ஒரே இடத்தில் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் எஞ்சினுக்கு ஒன்று, கியர் பெட்டிக்கு ஒன்று, இடப்புறத்து முதன்மைச் செயின் பெட்டிக்கு ஒன்று என மூன்று வீடுகள் உள்ளன. ஒன்றின் எண்ணெய் மற்றொன்றிற்கு ஆகாது.

எஞ்சின் எண்ணெய் தனி அறையில் தங்கி, ஒரு பம்பினால் உறுப்புகளுக்குச் சென்று, மற்றொரு பம்பினால் திரும்ப இழுக்கப்படுகிறது. வண்டி பல நாள் சும்மா நின்றால் எண்ணெய் மெல்லக் கசிந்து அடிப்பகுதியில் இறங்கிவிடும். அப்போது அளவுகோலை விட்டுப் பார்த்தால் எண்ணெய் குறைந்தது போலத் தோன்றும். ஆகவே சில நிமிடங்கள் எஞ்சினை ஓட்டி நிறுத்திய பிறகே அளவு பார்ப்பது முறையாகும். எண்ணெய் மாற்றும்போது எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கட்டும்; அழுக்கும் சேர்ந்து வெளியேறும். வடித்த எண்ணெயை விரலிடையே தேய்த்துப் பாருங்கள். மினுமினுக்கும் உலோகத் துகள் தென்பட்டால் உள்ளே ஏதோ தேய்கிறது என்று பொருள். அந்தக் கழிவு எண்ணெயைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ ஊற்றுவது ஊருக்கே செய்யும் தீங்காகும். அதை வாங்கிச் செல்வோரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பிளக் காட்டும் நிறம்

வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வது போல, வண்டிக்கு நாம் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை காப்பி நிறத்தில் இருந்தால் வண்டி நலமே. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. எண்ணெய்ப் பிசுக்குடன் கறுத்திருந்தால் பிஸ்டன் வளையங்களோ வால்வு வழியோ தேய்ந்து எண்ணெய் மேலே ஏறுகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. துடைத்து, முனைகளின் இடைவெளியை ஏறத்தாழ 0.5 மி.மீ. அளவில் அமைத்து, முதலில் கையாலேயே திருகி ஏற்ற வேண்டும். தலைப்பகுதி அலுமினியமாதலால், ஸ்பேனரின் வலுவை முதலிலேயே காட்டினால் மரை போய்விடும்.

பொறி பிறக்கும் இடம்

பாட்டரியின் சில வோல்ட்டு மின்னழுத்தம் பிளக்கில் எப்படிப் பல ஆயிரம் வோல்ட்டாகிறது? நாம் படித்த பாரடேயின் மின்காந்தத் தூண்டல் விதிதான் காரணம். காயிலின் முதன்மைச் சுற்றில் மின்சாரம் ஓடும்போது காந்தப் புலம் உண்டாகிறது. பாயிண்ட் திறந்ததும் மின்சாரம் அறுபட்டுப் புலம் சரிகிறது. எவ்வளவு விரைவாகச் சரிகிறதோ அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம், எண்ணற்ற சுற்றுகள் கொண்ட இரண்டாம் கம்பியில் தோன்றுகிறது. அந்த அறுபடுதல் ‘வெடுக்’கென்று நிகழத் துணைசெய்வது கண்டென்சர். அது கெட்டால், பிளக்கில் பறக்க வேண்டிய பொறி பாயிண்டிலேயே பறந்து வீணாகும்.

பாயிண்ட் முழுமையாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஃபீலர் கேஜின் தகடு வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் இறங்கினால் இடைவெளி அதிகம்; இடித்துக்கொண்டு நின்றால் குறைவு; இலேசாகப் பிடித்து நழுவினால் சரி. இடைவெளியை மாற்றினால் பொறி பறக்கும் நேரமும் மாறும். ஆதலால் முதலில் இடைவெளி, பிறகே நேரம் என்பது மாறாத வரிசை.

உதைக்கும் கலை

புல்லட்டை உதைக்க முரட்டுப் பலம் வேண்டும் என்பது தவறான கருத்து. சாவியைத் திருகியதும் அம்மீட்டரின் முள் இடப்புறம் சாய்ந்தால் பாயிண்ட் மூடியிருக்கிறது என்று பொருள். கிக்கரை மெல்ல மிதிக்க, முள் நடுவுக்குத் திரும்பும். அப்போது பாயிண்ட் திறந்துவிட்டது. பிஸ்டன் அழுத்து வீச்சின் உச்சியை ஒட்டி நிற்கிறது. டிகம்ப்ரஷர் நெம்புகோலைப் பிடித்து அந்த உச்சியைச் சற்றே கடக்கச் செய்து, நெம்புகோலை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீராக மிதிக்க வேண்டும். கனமான சக்கரங்கள் வேகம் பெற்று அடுத்த அழுத்து வீச்சைத் தாமே கடந்துவிடும். நிலைமம் என்று நாம் ஏட்டில் படிப்பதை இங்கே காலால் உணரலாம்.

டேப்பெட்டும் கார்பரேட்டரும்

எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கையில், பிஸ்டனை அழுத்து வீச்சின் உச்சியில் நிறுத்தி, வலப்புறத்து டேப்பெட் மூடியைத் திறக்க வேண்டும். இரண்டு புஷ்ராடுகளும் விரலால் உருட்டினால் தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இதுவே இந்த எஞ்சினுக்குரிய அளவு. இறுக்கமாக இருந்தால் வால்வு முழுமையாக மூடாது. அழுத்தம் கசிந்து, நாளடைவில் வால்வின் விளிம்பு கருகும். தளர்ந்திருந்தால் தட்டும் ஓசை கேட்கும்.

கார்பரேட்டரின் தத்துவம் பெர்னூலியின் தத்துவம். குறுகிய கழுத்தில் காற்று விரைந்தோட, அங்கே அழுத்தம் குறைய, ஜெட்டின் வழியே பெட்ரோல் மேலெழுந்து கலக்கிறது. ஜெட் அடைத்துக்கொண்டால் ஊசியாலோ கம்பியாலோ குத்தக் கூடாது. அத்துளை அளவெடுத்துத் துளைத்தது. மயிரிழை பெரிதானாலும் கலவை கெடும். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே முறை. இக்காலத்தில் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களுக்கும் ஆகாது. ஆகவே குழாயில் விரிசல் உண்டா என்றும், மிதவைக் கிண்ணத்தின் அடியில் நீர் தங்கியிருக்கிறதா என்றும் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று கேள்விகள்

வண்டி கிளம்பாவிட்டால் கண்டதையெல்லாம் கழற்றுவது அறிவுடைமை ஆகாது. பெட்ரோல் வருகிறதா? பொறி பறக்கிறதா? அழுத்தம் இருக்கிறதா? இந்த மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்டால் நோய் தானாக அகப்படும்.

இதற்கு எங்கள் வீட்டு நிகழ்ச்சி ஒன்றையே சான்றாகக் கூறுவேன். என் தந்தையார் பால் வியாபாரி. நான் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிய புல்லட் ஒன்றில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 40 லிட்டர் கேன்களைத் தொங்கவிட்டு, விடியுமுன் புறப்பட்டு நகரத்துத் தேநீர்க் கடைகளுக்குப் பால் ஊற்றுவார். ஒரு மணி நேரம் தாமதமானால் கடைக்காரர்கள் பாக்கெட் பால் வாங்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் மீந்த பாலும் திரிந்துவிடும். ஒரு நாள் வண்டி நின்றால் எங்களுக்கு ஒரு நாள் வருமானம் போயிற்று. மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணம் மட்டும் நிற்காது.

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் அதிகாலை, இரண்டு கேன்களும் ஏற்றிய பிறகு வண்டி கிளம்ப மறுத்தது. “நேத்தே என்னமோ இருமுச்சுடா தம்பி” என்றார் தந்தையார். டார்ச் விளக்கை அவர் பிடிக்க, நான் பார்த்தேன். பெட்ரோல் வந்தது. பிளக்கைக் கழற்றி எஞ்சினின் மேல் கிடத்தி உதைத்தபோது, பொறி மஞ்சளாக, உயிரற்று மின்னியது. பாயிண்ட் மூடியைத் திறந்து மீண்டும் உதைக்கச் சொன்னேன். அங்கேயோ பளீர் பளீரென்று பொறி! நோய் கண்டென்சரில் என்பது தெளிவாயிற்று. கைவசம் வைத்திருந்த புதிய கண்டென்சரை மாற்றினேன்; இரண்டாம் உதையில் வண்டி கிளம்பிற்று. “சரிப்பா, நீங்க பார்த்துப் போங்க” என்றேன். பால் நேரத்திற்குப் போய்ச் சேர்ந்தது. சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் ஒரு சிறு உருளைக்கும், ஒரு குடும்பத்தின் அன்றைய அடுப்புக்கும் உள்ள தொடர்பை அன்று கண்கூடாகக் கண்டேன்.

இதில் மற்றொன்றும் உண்டு. என் தந்தையார் பள்ளிக்கூடம் சென்றவரல்லர். ஆயினும் ஓசையைக் கொண்டே, “வலது பக்கம் மேலே தட்டுது” என்பார். நான் மூடியைத் திறந்து பார்த்தால் டேப்பெட் தளர்ந்திருக்கும். அவர் காதும் என் ஃபீலர் கேஜும் ஒரே விடையைத்தான் சொல்கின்றன. ஏன் தட்டுகிறது என்பதை நான் அவருக்கு விளக்குகிறேன். எப்படிக் கேட்பது என்பதை அவர் எனக்குக் கற்பிக்கிறார்.

செயினும் பிரேக்கும்

வண்டி கிளம்பாவிட்டால் நட்டம் பணத்தோடு போகும். நிற்காவிட்டால் உயிர் போகும். ஆகவே இப்பகுதியை நண்பர்கள் ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன்.

செயினைச் சுற்றிவிட்டு, அது மிக இறுக்கமாக உள்ள இடத்தில் ஏறத்தாழ 25 மி.மீ. மேலும் கீழும் ஆட்டம் இருக்குமாறு வைக்க வேண்டும். பின் அச்சின் இருபுறமும் உள்ள நத்தை வடிவத் தகடுகளை ஒரே எண்ணிக்கையான பற்களில் நிறுத்தினால்தான் சக்கரம் நேராக இருக்கும். செயின் லாக்கின் மூடிய முனை, செயின் ஓடும் திசையை நோக்கி இருத்தல் வேண்டும்; திறந்த முனை முன்னே இருந்தால் எங்காவது இடித்துக் கழன்றுவிடக் கூடும். செயினைச் சரி செய்ததும் பின் பிரேக்கையும் மறவாமல் சரிபார்க்க வேண்டும். சக்கரம் நகர்ந்ததால் பிரேக் கம்பியின் அளவும் மாறியிருக்கும்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அது நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். லைனிங்கில் எண்ணெயோ கிரீஸோ ஊறியிருந்தால் சுட்டும் தேய்த்தும் சரிக்கட்ட முயலாமல் மாற்றிவிடுவதே நன்று.

இரண்டு கேன் பாலின் எடை மட்டும் ஏறத்தாழ 82 கிலோ. ஓர் ஆளைப் பின்னால் ஏற்றியதை விட மிகுதி. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு நேர் விகிதத்தில் உள்ளது என்பதை நாம் அறிவோம். 30 கிலோ மீட்டர் வேகத்தை 60 ஆக்கினால், நிறுத்தத் தேவையான தூரம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. தேர்வுத்தாளில் இது இரண்டு மதிப்பெண் வினா. சாலையில் இதற்கு மறுதேர்வு கிடையாது. மூன்று பேர் ஏறிக்கொண்டு கல்லூரி வாயிலில் வந்து நிற்கும் நண்பர்கள், வண்டியைத் துடைத்து மினுக்கும் நேரத்தில் பாதியைப் பிரேக்குக்குக் கொடுத்தால் அவர்கள் பெற்றோர் நிம்மதியாக உறங்குவர்.

எல்லை அறிதல்

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நான் கூற வரவில்லை. கிராங்க் அச்சின் பேரிங், சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குதல், சக்கரக் கோணல் எடுத்தல் ஆகியவற்றுக்குக் கைதேர்ந்த மெக்கானிக்கும், லேத்தும் தேவை. பெட்ரோல் டாங்கில் பற்றவைப்பு என்ற பேச்சே வீட்டில் கூடாது. காலியான டாங்கினுள் நிற்கும் ஆவி, நிறைந்த டாங்கைவிட அபாயமானது. மெக்கானிக்கிடம் செல்லும்போதும், “வண்டி சரியில்லை அண்ணே” என்பதற்குப் பதிலாக, “பெட்ரோல் வருகிறது, பொறி இருக்கிறது, அழுத்தம்தான் இல்லை அண்ணே” என்று கூறிப் பாருங்கள். அவர் வேலை பாதியாகும். நம் செலவும் குறையும்.

முடிவுரை

படித்தவன் கையில் எண்ணெய்க் கறை படிவது இழிவு என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. பட்டம் பெறுவதே அந்தக் கறையிலிருந்து தப்புவதற்குத்தான் என்று எண்ணுவோரும் உளர். பாரடே ஒரு கருமானின் மகன். புத்தகம் கட்டும் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர். அவர் கண்ட விதி, நம் வாசலில் நிற்கும் வண்டியில் ஒவ்வொரு துடிப்பிலும் பொறியாகப் பறந்துகொண்டிருக்கிறது. கையும் கருத்தும் கூடிய இடத்தில்தான் விஞ்ஞானம் பிறந்தது. அவற்றைப் பிரித்து வைத்தால் அது மனப்பாடமாகச் சுருங்கிவிடும்.

நம் கல்லூரி ஆய்வகத்தில் ஊசலும் பிரிசமும் இருப்பது போல, பழுதான பழைய எஞ்சின் ஒன்றையும் ஒரு மூலையில் வைக்கப் பேராசிரியப் பெருமக்கள் மனம் வைக்க வேண்டுகிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை போதும். அதைக் கழற்றிப் பூட்டும் நண்பனுக்கு நான்கு வீச்சுகளையும் எவரும் மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை. தந்தையின் வண்டியையோ, வயலில் ஓடும் பம்பு எஞ்சினையோ தன் கையால் ஓட வைத்துவிட்டான் எனில், தான் படித்த படிப்பு வீட்டிற்கு வந்து சேர்ந்தது என்று அவன் துணிந்து கூறலாம்.